விளிம்பில் இருந்த பெயர்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் உன் அப்பாவும் உடம்புக்குப் பெரிய குறை ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மருமகளும் குட்டியும் அதைவிட நன்றாக இருக்க வேண்டும். அப்பாவுக்கு வலது கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே சினிமா நடிகர் மாதிரி உலா வருகிறார், பத்து நாளைக்குக் குனியக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் கீழே விழுவதையெல்லாம் பொறுக்குகிற வேலை என் தலையில். என் முழங்கால் படி ஏறும்போது மட்டும் முனகுகிறது. மாடிக் குடித்தனக்காரர் குழாயைத் தானே சரி செய்கிறேன் என்று இறங்கி, இப்போது அவர் குளித்தால் எங்கள் கூடத்தில் சொட்டுகிறது. நல விசாரிப்பு இவ்வளவுதான். இனி நான் எழுதப் போவதெல்லாம் கோபம். போனில் பேசினால் நடுவில் "சரிம்மா சரிம்மா" என்று தண்ணீர் தெளித்து அணைத்துவிடுகிறாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. பெட்டியைப் பிரித்ததும் பார்த்திருப்பாய், என் பிறந்தநாளுக்கு நீ செய்து கொடுத்த கண்ணாடிச் சட்டம் உன்னிடமே திரும்பி வந்திருக்கிறது. வழியில் எவனோ பதக்கங்களைத் திருடிவிட்டான் என்று பதறாதே, நான்தான் ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்தேன்.

போன முறை லீவில் வந்தபோது அலமாரி மேல் தட்டில் இருந்த தொண்டை மாத்திரை டப்பாவை எடுத்துத் திறந்தாயே, அது உன் அப்பா மருந்துக்கடை வைத்திருந்த காலத்து டப்பா, பதினேழு வருஷம் விமானப்படையிலும் அதற்குப் பிறகு போலீஸ் விமானப் பிரிவிலும் நான் ஹெலிகாப்டர் ஓட்டியதற்கு வீட்டில் மிச்சம் இருந்ததெல்லாம் அதற்குள்தான் இருந்தது. என்னைக் கேட்டாயா? இல்லை. அப்பாவைக் கேட்டாய், அவரும் சாவியை எடுத்துக் கொடுத்திருக்கிறார், கூட்டுக் களவாணி. இரண்டு பேரும் சேர்ந்து எனக்கு இன்ப அதிர்ச்சி கொடுக்கிறீர்களாம். உள்ளே இருந்த பறப்புப் பதிவேடு இரண்டு, பருந்து மோதி உடைந்த முன் கண்ணாடியின் துண்டு, பறக்கும் முன் கழற்ற வேண்டிய சிவப்பு நாடா, இஸ்திரிப் பெட்டி சுட்ட சிறகுச் சின்னம், போலீஸ் விசில் எல்லாம் உன் கண்ணுக்குக் குப்பை. அதையெல்லாம் டப்பாவிலேயே விட்டுவிட்டாய், அந்த மட்டும் பிழைத்தது. பளபளக்கக் கூடியது எதுவோ அதை மட்டும், ஐந்து பதக்கத்தையும், அள்ளிக்கொண்டு போய்ப் பாலிஷ் போட்டு, பழைய ரிப்பனைக் கழற்றிப் புது ரிப்பன் கோர்த்து, வெல்வெட் துணியில் குழி வெட்டிப் பதித்திருக்கிறாய். எது முன்னால் வர வேண்டும், எது பின்னால் என்று அதற்கு ஒரு வரிசை இருக்கிறது, நீ ரிப்பன் நிறத்தைப் பார்த்து அடுக்கியிருக்கிறாய், புடவைக் கடையில் அடுக்குவது மாதிரி. அதைக்கூட நான் பொறுத்திருப்பேன். பிறந்தநாள் அன்று வீடியோவில் இருபது பேர் பார்த்துக்கொண்டிருக்க அப்பா துணியை விலக்கியபோது நான் சிரித்தேனே, அதைப் பார்த்து நான் மகிழ்ந்து போனதாக நீ இன்னும் நினைத்துக்கொண்டிருந்தால் அந்த நினைப்பை இப்போதே விட்டுவிடு. மூக்குக்கண்ணாடி இல்லாமல் எனக்கு எதுவும் தெரியவில்லை, எல்லாரும் கை தட்டினார்கள், நானும் சிரித்து வைத்தேன்.

நான்காவது நாள் எங்கள் பழைய படைப்பிரிவுக் குழுவில் என் முதல் கமாண்டர், எண்பத்தொரு வயது, ஒரு செய்தி போட்டார். நீ அந்தச் சட்டத்தைப் படம் பிடித்து ஊர் பூராவும் தம்பட்டம் அடித்திருக்கிறாய், அது சுற்றிச் சுற்றி அவரிடம் போயிருக்கிறது. "ரெண்டாவது வீரப் பதக்கம் எப்பம்மா வாங்கினே, எங்களுக்குச் சொல்லவே இல்லையே" என்று கேட்டிருந்தார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார், அதுதான் எனக்கு முகத்தில் அடித்தாற்போல இருந்தது. மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு போய் உன் பித்தளைத் தகட்டைப் படித்தேன். வீரப் பதக்கம் இருமுறை பெற்ற ஒரே பெண் விமானி. யாரடா உனக்குச் சொன்னது? டப்பாவில் ஒரே மாதிரி இரண்டு இருந்தால் அம்மா இரண்டு தடவை வாங்கினாள் என்று நீயே முடிவு கட்டி, அதற்கு ஒரு 'ஒரே'வையும் சேர்த்து, பித்தளையில் வெட்டி வைத்துவிட்டாய். எங்கள் வேலையில் திருட்டைவிடக் கேவலமான ஒன்று இருக்கிறது, வாங்காத பதக்கத்தை வாங்கியதாகச் சொல்வது. அப்படிச் செய்தவனோடு யாரும் ஒரு மேஜையில் சாப்பிட மாட்டார்கள். நாற்பது வருஷம் நான் கட்டிக் காத்த பேரை நான் பெற்ற பிள்ளையே ஒரு தகட்டில் கவிழ்த்துவிட்டான். கமாண்டருக்கு, ஒன்றுதான் என்னுடையது, மற்றது போலீஸில் என்னோடு பறந்த கயிற்றுக்காரருடையது, பிள்ளை தெரியாமல் செய்துவிட்டான் என்று எழுதினேன். அவர் பெரிய மனுஷர், அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

கயிற்றுக்காரரை உனக்கு மறந்திருக்காது. கயிறு மாமா, கயிறு மாமா என்று அவர் தோளில்தானே ஏறிக்கொண்டு திரிந்தாய். ஏழு மாதம் முன்பு அவர் போய்விட்டார் என்று சொன்னபோது கும்பிடும் கை படம் ஒன்றை அனுப்பிவிட்டு வேலையைப் பார்க்கப் போனாய். போலீஸ் ஹெலிகாப்டரில் நான் முன்னால் உட்கார்ந்து ஓட்டுவேன், பின்னால் திறந்த கதவருகில் மண்டியிட்டு வின்ச் கயிற்றை இறக்கி ஏற்றுவது அவர். நான் கீழே பார்க்க முடியாது, அவர் வாய்தான் எனக்குக் கண். வலது பக்கம் ரெண்டடி, நிக்கட்டும், இன்னும் ஒரு அடி, நிக்கட்டும் என்று அவர் சொல்லச் சொல்ல நான் நகர்த்துவேன். பதினைந்து வருஷம் அந்தக் குரலை நம்பிக் கையை அசைத்திருக்கிறேன், கட்டின புருஷன் பேச்சைக்கூட நான் அப்படிக் கேட்டதில்லை, அது அப்பாவுக்கும் தெரியும். நீ மூன்றாம் வகுப்பு படித்த வருஷம் பெரிய வெள்ளம் வந்ததே, அப்போது ஒரு பிஸ்கட் தொழிற்சாலைக் கூரை மேல் மாட்டிக்கொண்ட பன்னிரண்டு பேரைத் தூக்கப் போனோம். பதினொரு பேரை ஏற்றியாயிற்று. கடைசியாக அந்தத் தொழிற்சாலைக் காவலாளி. கயிற்றில் தொங்கும் பட்டையை அக்குளுக்குக் கீழே மாட்டிவிட்டால் கையைக் கீழேயே வைத்திருக்க வேண்டும், தூக்கினால் உடம்பு வழுகிவிடும். ஏற்றுகிற ஒவ்வொருவருக்கும் மாமா சைகையில் அதைச் சொல்லிக்கொண்டே இருப்பார். காவலாளி கதவருகே வந்ததும் எப்படியாவது பிடித்துவிட வேண்டும் என்று இரண்டு கையையும் மேலே நீட்டிவிட்டார். மாமா அவர் சட்டைக் கையைப் பிடித்தார், சட்டைக் கை மட்டும் கிழிந்து மாமாவிடமே வந்துவிட்டது, காவலாளி வெள்ளத்தில் போய்விட்டார். விசாரணையில் யார் மேலும் குற்றம் இல்லை என்று எழுதினார்கள். அடுத்த வருஷம் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நாளில் ஒரே பதக்கம். மேடையில் வாங்கிக்கொண்டு வந்து ஜீப்பில் ஏறியதும் அவர் அதைக் கழற்றி, என் மடியில் இருந்த தொப்பிக்குள் போட்டார். "இது உங்ககிட்டயே இருக்கட்டும் மேடம், வீட்ல இருந்தா நான் அந்த அலமாரிப் பக்கமே போக மாட்டேன். நான் போனப்புறம் பொண்ணு கேட்டா குடுங்க" என்றார். அவர் தப்பு இல்லை என்று நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன், அவர் காதில் ஏறியதே இல்லை. அதற்குப் பிறகும் பல வருஷம் கயிறு இறக்கினார், ஒரு உயிர் போகவில்லை, ஆனால் அந்தப் பதக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. கடைசி நாட்களில்தான் மகளிடம் சொல்லியிருக்கிறார், மேடத்துகிட்ட என்னோடது ஒண்ணு இருக்கு என்று. அவள் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கலாமா என்று கேட்டாள். கமாண்டர் செய்திக்கு மறுநாள் அது.

ஒரே மாதிரி இரண்டு இருந்தால் எது யாருடையது என்று எப்படித் தெரியும் என்று நீ கேட்பாய், கேட்டிருக்க வேண்டும், டப்பாவைத் திறப்பதற்கு முன்னால். பதக்கத்தின் விளிம்பைச் சுற்றி, நாணயத்துக்கு வரி இருக்கும் இடத்தில், வாங்கியவரின் எண்ணையும் பெயரையும் வெட்டித்தான் கொடுப்பார்கள். முகப்பு எல்லாருக்கும் ஒன்று, விளிம்புதான் ஆளைச் சொல்லும். சட்டத்தை நெம்பி எடுத்து லென்ஸ் வைத்துப் பார்த்தேன். விளிம்பு மழமழவென்று இருந்தது, இரண்டிலும். சட்டத்தின் பின்னால் கடை முகவரி ஒட்டியிருந்தது, முழங்காலைப் பார்க்காமல் ஆட்டோ பிடித்துப் போனேன். ஒரு ஆள் நுழையும் அகலத்தில் கடை, சுவரெல்லாம் கறுப்புத் தூசி, வாசலில் சுற்றிக்கொண்டிருக்கும் துணிச் சக்கரம். பாலிஷ்காரர் நல்ல மனிதர், ஞாபகமாகச் சொன்னார். ஓரத்தில் ஏதோ கிறுக்கியிருக்கிறதே, எடுத்துவிடவா என்று உன்னைக் கேட்டாராம், நீ போனில் பேசிக்கொண்டே "எல்லாத்தையும் பளபளன்னு ஆக்கிடுங்க" என்றாயாம். "பழைய காலத்து வெட்டும்மா, ஆழமா இருந்துச்சு, ரெண்டு தடவை சக்கரத்துல காட்ட வேண்டியதாப் போச்சு" என்று பெருமையாக வேறு சொன்னார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவர் உன்னைக் கேட்டார், நீ என்னைக் கேட்கவில்லை.

அன்று மாலையே உனக்குப் போன் செய்தேன். நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா, எனக்கு எழுத்துப் பிசகாமல் இருக்கிறது. "ரெண்டும் ஒரே மாதிரிதானம்மா இருக்கு, எது யாரோடதா இருந்தா என்ன, அவரும் இப்ப இல்லையே" என்றாய். போனை வைத்துவிட்டேன், லைன் கட்டாகவில்லை, நானேதான் வைத்தேன். அவர் இல்லை என்பதால்தானடா அது முக்கியம். இருந்திருந்தால் இன்னொன்று கேட்டு வாங்கியிருக்கலாம். தலைமை அலுவலகத்துக்கும் போய்ப் பார்த்தேன், மாற்றுப் பதக்கம் வேண்டுமானால் சம்பந்தப்பட்டவர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார் அந்தப் பிரிவு எழுத்தர். சம்பந்தப்பட்டவர் இறந்துவிட்டார் என்றேன். அப்படியானால் இறந்தவர் விஷயம் வேறு பிரிவு, அங்கே இதற்குப் படிவம் இல்லை என்றார். உன் அப்பா அவர் பங்குக்கு ஒரு யோசனை சொன்னார், ஏதோ ஒன்றை எடுத்து அதில் மாமா பேரைப் புதிதாக வெட்டிவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது என்று. எனக்குத் தெரியும். நட்டை முறுக்கினோமா இல்லையா என்று சந்தேகம் வந்தால் எங்கள் வண்டி தரையை விட்டு எழும்பாது, பாதி நிச்சயம் என்று ஒன்று எங்களுக்குக் கிடையாது. நான் ஊகித்து ஒன்றை நீட்டி, அது என்னுடையதாக இருந்துவிட்டால், அந்த மனுஷன் பேர் இருந்ததை என் அலமாரியில் பூட்டி வைத்துக்கொண்டு அவர் மகளை ஏமாற்றி அனுப்பியவள் ஆவேன். அப்பா சட்டென்று கோபப்பட்டு, "அது யாரோடதுன்னு நீயாவது எங்ககிட்ட சொல்லி வச்சிருக்கலாமே, உன் மனசுக்குள்ளயே பூட்டி வச்சா நாங்க என்ன ஜோசியமா பார்ப்போம்" என்றார். அதில் நியாயம் இருக்கிறது. நியாயம் இருப்பதால் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. அன்றிலிருந்து அவர் சாப்பிட்ட கையோடு எழுந்து போய்விடுகிறார்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, பத்து மணிக்கு மாமா மகள் வந்தாள். லிஃப்ட் மெக்கானிக்காக இருக்கிறாள், கையெல்லாம் அவள் அப்பா கை மாதிரியே காய்ப்பு. அப்பா காபியை வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய் ஒளிந்துகொண்டார். ஒரு வெள்ளைத் துண்டை விரித்து இரண்டு பதக்கத்தையும் வைத்து, எதையும் பூசி மெழுகாமல் நடந்ததைச் சொன்னேன். என் பிள்ளை, என் வீடு, என் கவனக்குறைவு, இதில் எது உன் அப்பாவுடையது என்று எனக்குத் தெரியாது என்றேன். எனக்குத் தெரியாது என்று சத்தமாகச் சொல்லத்தான் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பார்கள், அதைச் சொல்வது இவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அறுபத்தைந்து வயது வரை தெரியாது. அவள் இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் விளிம்பில் நகத்தை வைத்து மெதுவாகச் சுற்றிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு திரும்பி, "உங்க பையனுக்கு ஒரு போன் போட்டுக் கேட்கத் தெரியலையா மேடம்" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். எந்த அதிகாரி முன்னாலும் நான் அப்படி உட்கார்ந்ததில்லை, உன்னால் உட்கார்ந்தேன்.

அப்புறம் நான் சொன்னேன், இரண்டையும் எடுத்துக்கொண்டு போ என்று. "உங்களோடத நான் எப்படி எடுத்துக்குவேன், நீங்க ஓட்டினதுக்குக் குடுத்தது" என்று துண்டைத் திரும்ப என் பக்கம் தள்ளினாள். ஒன்றை மட்டும் கொடுத்தால் அது உன் அப்பாவுடையதாக இல்லாமல் போகலாம், இரண்டையும் கொடுத்தால் அப்படிப் போக வழியே இல்லை, எனக்கு வேறு கணக்குத் தெரியவில்லை என்றேன். அவள் ஒன்றைக் கையில் எடுத்து, "அப்பா ஏன் இத வீட்டுக்கே கொண்டு வரல" என்று கேட்டாள். அவளுக்குக் காவலாளி விஷயமே தெரியாதாம். எல்லாவற்றையும் சொன்னேன், கிழிந்த சட்டைக் கை உட்பட. சட்டைக் கையை அவர் என்ன செய்தார் என்று கேட்டாள், இறங்கும் வரை கையில் பிடித்திருந்தார், பிறகு காவலாளி வீட்டுக்கு நேரில் போய்க் கொடுத்துவிட்டு வந்தார் என்றேன். அவள் அழவில்லை, எழுந்து நின்று இரண்டு துணி வேண்டும் என்றாள், ஒன்றோடொன்று உரசக் கூடாதாம். உன் அப்பா குனியக் கூடாது என்ற டாக்டர் உத்தரவை மீறிக் கீழ் இழுப்பறையில் தேடி இரண்டு துணி கொண்டு வந்து கொடுத்தார். தனித்தனியாகச் சுற்றி, தனித்தனிப் பையில் வைத்துக்கொண்டு, எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனாள்.

கதவைச் சாத்திவிட்டு அழுதேன். மாமாவை நினைத்து அழுதேன் என்று சொன்னால் அழகாக இருக்கும், அதில் பாதிதான் உண்மை. என் பதக்கம் போனதற்கும் அழுதேன். எனக்கு அது பிடிக்கும். நான் அதைப் போட்டுக்கொண்டு நடந்த நாட்கள் பிடிக்கும். உன் தகட்டில் இருமுறை என்று எழுதியிருக்கிறதே, எனக்குக் கிடைத்தது ஒருமுறைதான், இப்போது அதுவும் இல்லை. மற்ற மூன்றையும் பழைய டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன், சாவி இனி என் இடுப்பில்.

மருமகளிடம் நான் அவள் மேல் கோபமாக இல்லை என்று சொல், குட்டிக்குச் சளி பிடித்திருப்பதாகச் சொன்னாயே, ஐஸ் தண்ணீர் கொடுக்காதீர்கள். நீ ராத்தூக்கம் கெட்டு வேலை பார்க்காதே, கோபத்திலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கெல்லாம் அந்தப் படத்தைப் போட்டாயோ அங்கெல்லாம், எடுத்துவிடாமல், அதற்குக் கீழேயே ஒன்று அம்மாவுடையது அல்ல என்று உன் பேரோடு எழுது. சட்டத்தின் பின்பக்கம் மாமா மகளின் போன் நம்பரை எழுதி ஒட்டியிருக்கிறேன். நீ அவளைக் கூப்பிட்டு உன் வாயால் சொல்ல வேண்டும். என்ன சொல்வது என்று என்னைக் கேட்காதே, கேட்க வேண்டிய நேரம் வேறு. அதைச் செய்யும் வரை எனக்குப் போன் செய்யாதே, செய்தாலும் அப்பாதான் எடுப்பார்.

நீயும் உன் குடும்பமும் நோய் நொடி இல்லாமல், நாலு பேர் முன்னால் தலை நிமிர்ந்து நடக்க வேண்டும், என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு, அதைக் கோபத்துக்காக நிறுத்தி வைக்கிறவள் நான் இல்லை. ஒன்றை மட்டும் மறக்காதே. குட்டி வளர்ந்து ஒரு நாள் உன்னிடம் கேட்பாள், பாட்டி வெள்ளத்தில் பதினொரு பேரைக் காப்பாற்றினாளாமே, அதற்குக் கொடுத்த பதக்கம் எங்கே என்று. பாட்டி தொலைத்துவிட்டாள் என்று சொல்லாதே, தானம் செய்துவிட்டாள் என்று பெருமையாகவும் சொல்லாதே. பாட்டி தன்னுடையது எது என்று தெரியாமல் கொடுத்துவிட்டாள், அது தெரியாமல் போனது என்னால் என்று சொல்.

இப்படிக்கு,
இன்னும் கோபம் ஆறாத,
உன் அம்மா